யாருடைய செல்போன் பீரோவுக்குள் போகிறது?

(மாணவர்களும் ஆசிரியர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்தில் செல்போனை அனுமதிக்கலாமா, தடை செய்யலாமா என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். இருபது வருடமாக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் நடத்துகிறேன். என்னிடம் பதில் தயாராக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். முன்பு இருந்தது. ஆசிரியர் அறையில் யார் கேட்டாலும், "பிடுங்கி பீரோவில் போடுங்க, அப்பதான் உருப்படுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான் நான். சிரிக்கிறீர்கள். இங்கே இருக்கிற பாதிப் பேர் அந்த பீரோவில் போன் கொடுத்து வந்தவர்களாக இருப்பீர்கள்.

இன்று நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லப் போகிறேன். என் வாயிலிருந்து இதைப் பொதுவில் சொல்வது இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் ஒரு வார்த்தை பேசவும் எனக்குத் தகுதியில்லை.

2022. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் முழுமையாக நடக்கத் தொடங்கிய காலம். தென்மாவட்டம் ஒன்றில் ஒரு கிராமத்துப் பள்ளி. நான் பதினோராம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். காலை இரண்டாவது பீரியடு முடிந்து வராந்தாவில் வந்துகொண்டிருக்கிறேன். எதிரே என் வகுப்புப் பையன் ஒருவன் கையில் போனோடு வருகிறான். ஒளிக்கவில்லை. நேராக என்னை நோக்கித்தான் வந்தான்.

"டீச்சர், ஒண்ணு காட்டணும்."

"முதல்ல அதை ஆஃப் பண்ணு. பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"இல்ல டீச்சர், ஒரு நிமிசம் பாருங்க..."

நான் பார்க்கவில்லை. வாங்கினேன், அணைத்தேன், தலைமை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய் பீரோவில் வைத்தேன். நோட்டில் பெயர், வகுப்பு, தேதி எழுதினேன். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திருப்பிக் கொடுப்பது என்பது எங்கள் விதி. அடுத்த பீரியடுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு ஒரு ஒழுக்கத்தை நிலைநாட்டிய திருப்தி எனக்கு.

அவன் அம்மா நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவித்திருந்த நாள் கூலி 281 ரூபாய். பள்ளிக்கு வந்தால் அன்றைய வேலை போச்சு. அப்பா திருப்பூரில். அந்தப் போன் பையனுடையது இல்லை, அம்மாவுடையது. ஊரடங்கில் ஆன்லைன் வகுப்பு என்று நாங்கள்தானே சொன்னோம், அதற்காகத் தவணையில் வாங்கியது. அப்பா ராத்திரி பேசுவது அதில்தான். சிலிண்டருக்கு நம்பர் வருவது, பேங்க் மெசேஜ் வருவது, நாளைக்கு எங்கே வேலை என்று மேஸ்திரி கூப்பிடுவது எல்லாம் அதில்தான். நான்கு நாள் அந்த வீட்டுக்கு வெளியுலகத்தோடு தொடர்பே இல்லை. இதில் ஒன்றைக்கூட நான் அன்று கேட்கவில்லை.

அவர் தலைமை ஆசிரியர் மேசைக்கு முன்னால் நின்றார். எதிரில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.

"ஏம்மா, பிள்ளைக்கு செல்லு வாங்கிக் குடுக்கத் தெரியுது, ஒழுங்கா வளக்கத் தெரியலையா? எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுக்கத் தெரியாது. நான் எழுதினேன். அவர் கைநாட்டு வைத்தார். என்னைப் பார்த்து, "தப்புத்தான் டீச்சர், இனிமே குடுத்துவிட மாட்டேன்" என்றார். என்ன தப்பு என்று அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

அதே வாரத்தில் அதே வகுப்பில் இன்னொரு போன் பிடிபட்டது. வகுப்பு நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் வைத்து வீடியோ கேம் விளையாடிய பையன். ஊரில் செல்வாக்கான வீடு. அப்பா பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பவர். மதியம் பைக்கில் வந்து இறங்கினார்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. பையன் சேட்டைதான், வேற ஒண்ணுமில்ல."

டீ வந்தது. போன் வந்தது. கையெழுத்துக் கேட்கவே இல்லை.

ஒரே விதி, ஒரே பீரோ, ஒரே வாரம். ஒருவருக்கு 'போ', இன்னொருவருக்கு 'வாங்க'. பிற்பாடு ஒருநாள் அந்த நோட்டை எடுத்துப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினேன். அன்றன்றைக்கே திரும்பிப் போன போன்கள் எந்தத் தெருவுக்குப் போயின, வாரக்கணக்கில் கிடந்தவை எந்தத் தெருவுக்குப் போயின என்று பார்த்தேன். ஊரின் வரைபடத்தை அந்த நோட்டிலிருந்தே வரைந்துவிடலாம்.

அன்று அவன் எனக்குக் காட்ட வந்தது என்ன?

அம்மா போன பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். ஆண்டு விழாவுக்கு அவன் நாற்காலி தூக்கிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அதை இன்ஸ்டாகிராமில் ஸ்டோரியாகப் போட்டிருக்கிறார்கள். படத்தின் மேல் அவன் தாத்தாவின் தொழிலைச் சொல்லி ஒரு வரி. பின்னணியில் சாதிப் பெருமைப் பாட்டு. அவனையும் டேக் செய்திருக்கிறார்கள். போட்டவர்கள் கூடப் படிக்கிற பையன்கள். அதைத்தான் காட்ட வந்தான்.

இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரம்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். போன் எங்கள் பீரோவில் நான்கு நாள் இருந்தது.

தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "ஆதாரம் எங்க?" என்றார். சம்பந்தப்பட்ட பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்படி ஒன்றுமே இல்லை என்றார்கள். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்க வேண்டியதுதானே?" என்று இவனையே திருப்பிக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா போன் சார், அம்மா பாத்துரும்" என்றான். பதினாறு வயது. தன் தாத்தாவை இழிவுபடுத்திய படத்தைத் தன் அம்மா பார்த்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறான். அந்த ஸ்டோரியை உயிரோடு இருக்கும்போதே ஒரு பெரியவரிடம் காட்டிவிட்டால் போதும், அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருக்கிறான். அந்தப் பெரியவர் நான்.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வேறு ஊரில் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான் என்று கேள்விப்பட்டேன். நான் அவனைப் பிறகு பார்க்கவில்லை.

தோழர்களே, இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நானும் அதே தெருவிலிருந்து வந்தவள். அந்தப் பள்ளியில் அது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யார் எழுந்து போவார்கள் என்று எனக்குத் தெரியும். "நம்ம ஆளுக பிள்ளைகளுக்கு டீச்சர் சலுகை காட்டுறாங்க" என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று பயந்து, நம் பிள்ளைகளிடம் கூடுதல் கறாராக இருந்தேன். அதற்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டேன். கேம் விளையாடிய பையனின் போனைப் பிடித்தது நான் இல்லை, வேறொரு ஆசிரியர். நானாக இருந்தால் வாங்கியிருப்பேனா? ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். இவனிடம் அந்த ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. சாதி ஆதிக்க சாதிக்காரர்களின் கையில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பயந்து நடக்கிற நம் கையாலும் அது வேலை வாங்கிக்கொள்கிறது.

அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்ட் மாதம், நாங்குநேரி. பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவன் பள்ளியில் சாதிக் கொடுமையை அனுபவித்து, அதைச் சொன்ன பிறகு நடந்தது அது. செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு நாங்குநேரிப் பிள்ளையின் முகம் தெரியாது. வராந்தாவில் போனை நீட்டிக்கொண்டு நின்ற முகம்தான் வந்தது.

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று பிரிந்து கிடப்பதைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் ஒன்றாகக் கொண்டுவர வேண்டும். ஒரு பகுதியில் ஆதிக்கமாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அதே பகுதியில் கல்வி அதிகாரியாகவோ தலைமை ஆசிரியராகவோ போடுவதைத் தவிர்க்க வேண்டும். ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்ற வேண்டும். சாதிக் கயிறு, மோதிரம், பொட்டு கூடாது. இப்படி நீண்ட பட்டியல். அதில் பள்ளி வளாகத்தில் மாணவர்கள் செல்போன் பயன்படுத்தக் கூடாது என்பதும் ஒன்று.

எங்கள் ஆசிரியர் அறையில் அந்த அறிக்கையைப் பற்றிப் பேசினார்கள். எதைப் பேசினார்கள் தெரியுமா? அந்த ஒரு வரியை மட்டும். "பாத்தீங்களா, சந்துருவே சொல்லிட்டாரு, செல்லுதான் எல்லாத்துக்கும் காரணம்." ஆசிரியர் இடமாற்றம் பற்றிய வரி யார் கண்ணிலும் படவில்லை. சாதியை ஒழிக்கச் சொல்லி எழுதிய அறிக்கையில், பிள்ளைகளை மட்டும் கட்டுப்படுத்துகிற வரி எது என்று தேடி எடுத்துக்கொண்டோம். ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் எதுவும் செலவாகாத வரி அது.

நான் செல்போனுக்கு ஆதரவாகப் பேச வரவில்லை. வகுப்பு நடக்கும்போது பிள்ளை கையில் போன் இருக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2023ல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, ஒரு முறை போனால் கவனம் சிதறிய மாணவர் மறுபடி பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது. எங்கள் பீரியடே 40, 45 நிமிடம். போனைப் பள்ளியிலிருந்து விலக்கியபோது படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் நன்மை கிடைத்தது என்பதையும் அந்த அறிக்கை எடுத்துச் சொல்கிறது. இது நமக்கு முக்கியம். வகுப்பில் விட்டதை டியூஷனில் பிடித்துக்கொள்ளும் வசதி நம் பிள்ளைகளுக்கு இல்லை. வகுப்பறைதான் அவர்களுக்கு ஒரே இடம். அதைப் போனுக்குப் பறிகொடுக்க நான் தயாரில்லை. பிரான்ஸ் 2018லேயே சட்டம் போட்டுவிட்டது. பிறகு பல நாடுகள் போட்டிருக்கின்றன. போடட்டும்.

என் கேள்வி வேறு. விதியை யார் நடத்துகிறார்கள்? யார்மீது நடத்துகிறார்கள்? போனை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன கொடுத்தார்கள்?

அம்பேத்கர் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடித்த கதை உங்களுக்குத் தெரியும். குழாய் இருந்தது, தண்ணீரும் இருந்தது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் அவருக்குத் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். நம் பள்ளிகளில் புகார் சொல்லும் வழி இன்றும் அந்தக் குழாய் மாதிரிதான் இருக்கிறது. ஆசிரியர் மனது வைத்தால் திறக்கும். மாணவர்களுக்கான உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். நல்ல காரியம். பிள்ளை எதைக் கொண்டு அழைப்பது? போன் பீரோவில். பள்ளியில் இருக்கிற போன் தலைமை ஆசிரியர் சட்டைப்பையில். தலைமை ஆசிரியரைப் பற்றியே புகார் என்றால் அவரிடமே போய், "சார், உங்க போனைக் குடுங்க" என்று கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், ஒரு பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பது குற்றம். இணையத்தில் போட்டால் அது பொதுப் பார்வையா என்று ஒரு வழக்கு வந்தது. 2022ல் கேரள உயர் நீதிமன்றம், ஆம், இணையத்தில் இழிவுபடுத்துவதும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று சொன்னது. ஆக, அந்த ஸ்டோரி ஒரு குற்றத்தின் ஆதாரம். அந்த ஆதாரம் அழியும் வரை அதைப் பூட்டி வைத்திருந்தது பள்ளிக்கூடம். பூட்டிய கை என் கை.

அந்த ஸ்டோரி போட்ட பையன்களும் என் மாணவர்கள்தான். அவர்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நான் துடிக்கவில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "இதை ஏன் போட்டாய்? இது யாரை என்ன செய்யும் என்று தெரியுமா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆதாரம் இல்லை என்றதும் அந்தக் கேள்வியும் இல்லாமல் போனது. அவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: 24 மணி நேரம் தாண்டிவிட்டால் தப்பித்துவிடலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டு அசர் ஆய்வு, கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பற்றியது. ஏறக்குறைய 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 44 பேரிடம் சொந்தமாகப் போன் இருந்தால், பெண் பிள்ளைகளில் 20 பேரிடம்தான் இருக்கிறது. ஒரு பெண்ணிடம் போன் பிடிபட்டால் ஆசிரியர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? திறந்து பார்க்கிறார்கள். யாரோடு பேசுகிறாள், எந்தப் பையன், எந்த ஊர். ஊர் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பிறகு வீட்டுக்குச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள்.

2015ல் கோகுல்ராஜ். 2016ல் உடுமலைப்பேட்டை சங்கர். இவர்கள் பெயரைச் சொல்லிவிட்டு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. சாதி தாண்டிப் பேசினால் கொலை செய்யும் வீடுகள் இருக்கிற நாட்டில், ஒரு பெண் பிள்ளையின் போனைத் திறந்து படித்து அவள் வீட்டுக்குத் தகவல் சொல்லும் ஆசிரியர், தனக்கே தெரியாமல் சாதிக்கு உளவு பார்க்கிறார். அந்தத் தகவலால் அவள் படிப்பு நிற்கலாம். அவசரமாகக் கல்யாணம் நடக்கலாம். ஒரு பையனின் உயிரும் போகலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017ல் தீர்ப்பளித்தது. 2019ல் கேரளத்தில் இன்னொரு வழக்கு. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி மகளிர் விடுதியில், மாலை 6 முதல் இரவு 10 வரை மாணவிகள் போன் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டார்கள். படிப்பு நேரமாம். ஒரு மாணவி எதிர்த்தார், விடுதியிலிருந்து நீக்கினார்கள். அவர் உயர் நீதிமன்றம் போனார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது நீதிமன்றம். அது கல்லூரி, வயது வந்த பெண்கள். பள்ளிக்கு அப்படியே பொருந்தாது என்று வாதாடலாம். வாதாடட்டும். வகுப்பு நேரத்தில் போனை வாங்கி வைப்பது வேறு, அதைத் திறந்து படிப்பது வேறு. இந்த வித்தியாசம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் உண்டு.

சரி, நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அடுத்து மாறுதலாகிப் போன பள்ளியில் எங்கள் வகுப்புக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. துணியில் எண் போட்ட பைகள் தைத்துச் சுவரில் மாட்டினோம். தைத்துக் கொடுத்தது ஒரு மாணவியின் அம்மா. காலையில் போன் கொண்டுவந்தவர்கள் தாங்களே அணைத்து அதில் போட வேண்டும். சாயங்காலம் மணி அடித்ததும் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். போன் கொண்டுவந்ததற்காகப் பெற்றோரைக் கூப்பிடுவது இல்லை. ஒரு நாளைக் கூலியை அபராதமாக வாங்குவது பள்ளியின் வேலை இல்லை. யார் போனையும் யாரும் திறப்பது இல்லை. வகுப்புக்குள் வரும் ஆசிரியர் போனும் அந்தப் பையில்தான். முதல் பை என்னுடையது.

கூடவே இன்னொரு விதி. "டீச்சர், ஒண்ணு காட்டணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால், எந்தப் பாடம் நடந்தாலும் அன்றைக்குள் உட்கார்ந்து பார்ப்பது. அந்தப் பிள்ளையின் கையாலேயே திரையைப் படம் எடுத்து வைப்பது. தேதி, நேரம், யார் போட்டது என்று எழுதி, நகலைப் பிள்ளையிடம் கொடுப்பது. பிறகுதான் தலைமை ஆசிரியர், பெற்றோர், தேவைப்பட்டால் காவல் நிலையம்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னால் பொய். தினமும் காலையில் பத்து நிமிடம் போகிறது. சில ஆசிரியர்கள் கடைசி வரை தங்கள் போனைப் பையில் போடவில்லை. "நாங்களும் பிள்ளைகளும் ஒண்ணா?" என்று கேட்டார்கள். பக்கத்து வகுப்பில் பழையபடி பீரோதான். ஆனால் முதல் ஆண்டில் மூன்று பிள்ளைகள் வந்து காட்டினார்கள். மூன்றில் இரண்டு, சாதியைச் சொல்லித் திட்டிய குரல் பதிவுகள். ஒன்று, ஒரு மாணவிக்கு வெளியாள் அனுப்பிய மிரட்டல். மூன்றையும் பார்த்தோம், எழுதினோம், கூப்பிட்டுப் பேசினோம். மூன்று பேரும் அந்தப் பள்ளியிலேயே படித்து முடித்தார்கள். எனக்கு அது போதும்.

இதற்கு அரசாணை வேண்டும், துணிப்பை போதாது. பள்ளியில் போனுக்கு விதி போடும்போதே, பிள்ளைகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் 14417க்கும் 1098க்கும் பேச ஒரு தொலைபேசியையும் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து அவசரம் என்றால் கூப்பிட ஒரு பள்ளி எண் எல்லாப் பெற்றோரிடமும் இருக்க வேண்டும். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போன் இருப்பதே குற்றம் என்று சொல்வதை நிறுத்த வேண்டும். வாங்கிய போன்களின் பதிவேடு இருந்தால், எது எத்தனை நாளில் யாருக்குத் திரும்பியது என்று கல்வி அதிகாரி பார்க்க வேண்டும்.

போனைத் தடை செய்தால் சாதி ரீல்ஸ் நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ரீல்ஸ் ஓடுவது சாயங்காலம் நாலரை மணிக்கு மேல். அதில் வரும் பாட்டு ஊர்த் திருவிழா ஒலிபெருக்கியில் ஓடுகிற பாட்டு. அதில் வரும் நிறம் மின்கம்பத்தில் அடித்திருக்கிற நிறம். கையில் கட்டுகிற கயிற்றின் நிறம். 2019ல் பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மதத்தின் பெயரால் எதிர்ப்பு வந்ததும் அப்படியே பின்வாங்கினார்கள். கயிற்றை அவிழ்க்கத் தைரியமில்லாத பள்ளிக்கூடம் போனைப் பிடுங்குவதில் மட்டும் வீரம் காட்டுகிறது.

இங்கே இருப்பவர்களில் பலர் நாளைக்கு ஆசிரியர் ஆவீர்கள். பி.எட். படிக்கிறவர்கள் கை தூக்கினீர்கள், பார்த்தேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளை போனை ஒளிக்காமல், நேராக உங்களை நோக்கி நடந்து வந்தால், விதியை அப்புறம் சொல்லுங்கள். முதலில் வாங்கிப் பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

இன்னும் பள்ளியில் தம்பி தங்கை இருக்கிறவர்கள், இன்றைக்கே வீட்டுக்குப் போய் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இப்படி ஏதாவது வந்தால் வெட்கப்படாதே, உடனே படம் எடுத்து வை, எனக்கு அனுப்பு, அம்மா பார்த்தால் பார்க்கட்டும். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை என்று சொல்லுங்கள்.

அந்தப் பையன் எங்காவது இதைப் படித்தால், தம்பி, அன்று நீ காட்ட வந்ததைப் பார்க்காமல் போனது என் தவறு. உன் அம்மாவிடம் எழுதி வாங்கினோமே, "தப்புத்தான்" என்று, அதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது நான்.

ஜெய்பீம்.